முகமும் பெயரும் கதையும்

நுழையும்முன்

ஒரே ஊரில் வாழ்வோரும் ஒரே கூடத்தில் உழைப்போரும் ஒருவரையொருவர் அறியாமலேயே காலம் கழித்துவிட முடிகிறது. சாதி, தொழில், மொழி, பாலினம் ஆகியவற்றின் பெயரால் எழுப்பப்பட்ட சுவர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றைக் கடக்க முயல்வோர் மட்டுமே அவற்றின் உயரத்தை உணர்கின்றனர். தனிமனிதரின் வாழ்க்கைக் கதைக்கும் உருவச்சித்திரத்துக்கும் அச்சுவர்களில் வாயில் திறக்கும் ஆற்றல் உண்டா? உண்டெனில், அது எந்நிலையில் இயலும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஆற்றுக்குப் பாலம் உண்டு

நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், காவிரியின் கிழக்குக் கரையில் அமைந்த ஊர் பள்ளிபாளையம். எதிர்க்கரையில் ஈரோடு. இரண்டு ஊர்களையும் பாலம் இணைக்கிறது. காகித ஆலையும் சர்க்கரை ஆலையும் உள்ள இவ்வூருக்கு விசைத்தறியே முதன்மையான அடையாளம். தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்மைக்காலமாக வடமாநிலங்களிலிருந்தும் வந்தோர் இங்கே உழைக்கின்றனர்.

நீளவாக்கில் பாவும் குறுக்குவாக்கில் ஊடையும் சேர்ந்தால்தான் துணி உண்டாகும். தறியில் எளிதாகக் கூடும் இவ்விணைப்பு, தறிக்கு வெளியே மனிதரிடத்தில் அவ்வளவு எளிதாகக் கூடுவதில்லை. தார் சுற்றும் பெண், முன்பணம் வாங்கியதால் ஒரே பட்டறையில் கட்டுண்டு கிடக்கும் தொழிலாளி, சாயப்பட்டறையில் கைகளில் நிறமேறி நிற்கும் இளைஞர், ஒடியாவிலோ இந்தியிலோ மட்டும் பேசத் தெரிந்த புதியவர் ஆகிய ஒவ்வொருவரும் பிறர் பார்வையில் ஒரு பொதுப்பெயராகச் சுருங்கிவிடுகின்றனர். ‘தறிக்காரர்’, ‘வடக்கத்தியர்’, ‘அந்தத் தெருவினர்’ என்னும் சொற்கள் ஒருவரைச் சுட்டுகின்றன; ஆனால், அறிமுகப்படுத்துவதில்லை. ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டிய ஊர்கள், இச்சொற்களைக் கடக்க எதைக் கட்டுவது?

பெயரற்ற முகங்கள்

முகத்தைப் படமாக்கினால் மட்டும் பிரிவு நீங்கிவிடும் எனக் கூற இயலாது. நிழற்படக் கலை இந்தியாவில் பரவத் தொடங்கிய காலத்திலேயே ஆங்கில ஆட்சியாளர் அதனை மக்களை வகைப்படுத்தும் கருவியாகப் பயன்படுத்தினர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கிலப் படத்தொகுப்பு அதற்குச் சான்றாகும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. இரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து பதிவு செய்தவர் அவர்.

இத்தொகுப்புகளில் இடம்பெற்ற படங்களின் கீழே பெரும்பாலும் குலத்தின் பெயரே காணப்படுகிறது; படத்தில் நிற்பவரின் பெயர் காணப்படுவதில்லை. அவர் யாருக்குத் தாய், என்ன தொழிலில் தேர்ந்தவர், எதற்காகச் சிரிப்பார் என்பன எவையும் அங்கே இல்லை. ஒரு முகம் ஓர் இனத்தின் மாதிரியாக மட்டுமே நிறுத்தப்பட்டது. வரலாற்று ஆய்வுக்கு இந்நூல்கள் இன்றும் பயன்படுகின்றன. ஆயினும், முகத்தைக் காட்டியபடியே மனிதரை மறைக்கவும் முடியும் என்பதை அவை உணர்த்துகின்றன. பெயரும் கதையும் இல்லாத முகம், பிரிவைக் குறைப்பதற்கு மாறாக உறுதிப்படுத்திவிடும்.

பிறர் சொன்ன கதைகள்

வெவ்வேறு நிலையில் வாழ்ந்தோரின் வாழ்க்கையை ஒரே வரிசையில் வைத்துப் போற்றும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் மன்னரும் மறையவரும் இடம்பெற்றுள்ளனர்; குயவராகிய திருநீலகண்டரும், துணி வெளுக்கும் திருக்குறிப்புத் தொண்டரும், மீனவராகிய அதிபத்தரும், நெசவாளராகிய நேசரும், வேடராகிய கண்ணப்பரும் அவர்களுக்கு இணையாகப் போற்றப்படுகின்றனர். அதே நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் அறுபத்துமூவரின் வாழ்க்கைக் காட்சிகள் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இன்னார் என்று அறிவதற்குப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. முகம், பெயர், கதை ஆகிய மூன்றும் ஒன்றாக இணைந்த பழைய உருவச்சித்திர வரிசை அது.

எனினும், இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்வரிசையில் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரும் இடம்பெற்றுள்ளார். அவர் தீயுள் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுள் சென்றதாகக் காப்பியம் கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையைக் கீர்த்தனைகளாகப் பாடினார். கேட்டோர் கண்ணீர் மல்கினர். கதைக்கு உருகிய சமூகம், நந்தனார் பிறந்த குலத்தாருக்குக் கோயில் கதவைத் திறக்க நெடுங்காலம் தயங்கியது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். அவ்வாண்டிலேயே கோயில் நுழைவுக்கு வழிசெய்யும் சட்டமும் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது.

கண்ணீர் மட்டும் கதவைத் திறப்பதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நந்தனாரின் கதை அவரே சொன்னதன்று. அவரைப் போற்றிய பிறர் சொன்னது. தாழ்த்தப்பட்டவர் தம் வாயால் தம் கதையைச் சொல்லும்போது என்ன நிகழும்? தமிழுலகம் அதைப் பரவலாக அறியத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

தம் கதையைத் தாமே சொல்லுதல்

1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ தமிழ்த் தன்வரலாற்று இலக்கியத்தில் புதுத்தடம் பதித்தது. பனைமட்டையின் இருபுறமும் வாளின் பல்போல் அமைந்திருக்கும் கூரிய விளிம்பே கருக்கு. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண்ணொருவர், ஊரிலும் பள்ளியிலும் சமய நிறுவனத்திலும் தாம் எதிர்கொண்டவற்றைத் தம் மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதினார். நூல் வெளிவந்த தொடக்கத்தில் அவருடைய ஊரைச் சேர்ந்தோரே சினமுற்றனர். தங்கள் வாழ்க்கை அச்சில் ஏறியது அவர்களுக்கு இழிவாகத் தோன்றியது. காலப்போக்கில் படித்த இளையோர் அந்நூலின் நோக்கத்தை உணர்ந்து ஏற்றுக்கொண்டனர். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக அது உலகெங்கும் சென்றது. நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கே.ஏ. குணசேகரன் 2005இல் தம் இளமைக்காலத்தை ‘வடு’ என்னும் தன்வரலாறாக எழுதினார். கருக்கு கீறும்; கீறிய இடத்தில் வடு நிற்கும். இத்தலைப்புகளே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன.

நாமக்கல் பகுதிச் சிற்றூரில் பிறந்த திருநங்கை அ. ரேவதி, பாலினத்தின் பெயரால் எழுந்த சுவரை எழுத்தால் எதிர்கொண்டவர். ‘உணர்வும் உருவமும்’ என்னும் நூலில் அவர் முதலில் பிற திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டித் தந்தார். பின்னரே தம் கதையை எழுதினார். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2010இல் வெளியான அத்தன்வரலாறு, தமிழில் ‘வெள்ளை மொழி’ என்னும் பெயரில் வந்தது. பின்னர் அவரே நடிக்கும் தனிநபர் நாடகமாகவும் மேடையேறியது. குடும்பம் ஏற்க மறுத்ததும், தெருவில் எள்ளலுக்கு ஆளானதும், வேலை தேடி அலைந்ததும் அவருடைய எழுத்தில் மிகையின்றிப் பதிவாகியுள்ளன. அதனைப் படித்து முடித்தவருக்கு, அடுத்த முறை பேருந்து நிலையத்தில் எதிர்ப்படும் திருநங்கை முற்றிலும் அறியாதவராகத் தோன்றமாட்டார்.

இத்தகைய நூல்கள் வெளிவந்த காலத்திலேயே அரசும் நீதிமன்றமும் அடியெடுத்து வைத்தன. 2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தம் பாலினத்தைத் தாமே தேர்ந்துரைக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. கதை மனத்தை அசைக்கிறது. சட்டம் உரிமையை நிலைநாட்டுகிறது. ஒன்று இன்றி மற்றொன்று முழுமை பெறுவதில்லை.

சுவரின் இருபுறமும்

பிரிவுக்கு எப்போதும் இரண்டு பக்கங்கள் உண்டு. துன்புற்றவர் மட்டும் பேச, துன்புறுத்தும் முறையால் பயன்பெற்றவர் வாய்மூடி இருந்தால் அவ்வுரையாடல் பாதியிலேயே நின்றுவிடும். இக்குறையை நீக்க முயன்ற நூல் ஒன்று இக்கொங்குச் சமவெளியிலேயே உருவாயிற்று.

திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூரில் 1966இல் பிறந்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், மாணவரும் நண்பரும் கூடி உரையாடும் ‘கூடு’ என்னும் ஆய்வுச் சந்திப்பை நடத்திவந்தார். சாதியை ஒவ்வொருவரும் தம் வாழ்வில் எவ்வாறு கண்டனர் என்பதைக் கூறும் 32 கட்டுரைகளை அவர் தொகுத்தார். அத்தொகுப்பு ‘சாதியும் நானும்’ என்னும் பெயரில் 2013இல் வெளிவந்தது.

சாதியால் இழிவுபடுத்தப்பட்டோரும், தம்மை அறியாமலோ அறிந்தோ சாதியைக் கடைப்பிடித்தோரும் அந்நூலில் அடுத்தடுத்து எழுதியுள்ளனர். எவரும் கொள்கை விளக்கம் செய்ய வரவில்லை. எந்த வீட்டில் எவ்விடத்தில் நின்று தண்ணீர் கேட்டோம், யாரை எப்படி அழைக்க வீட்டார் பழக்கினர், நண்பனின் வீட்டுக்கு ஏன் ஒருமுறைகூடச் செல்லவில்லை என்பன போன்ற அன்றாட நினைவுகளே அவ்வகை எழுத்தின் உயிர். அம்பை என்னும் புனைபெயரால் அறியப்படும் சி.எஸ். லக்ஷ்மி 2017இல் அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் தலைப்பு, ‘கொட்டாங்குச்சியில் வரக்காப்பி’ எனப் பொருள்படும். காப்பி கொடுப்பது விருந்தோம்பல். அதைக் கொட்டாங்குச்சியில் கொடுப்பது இழிவு. இரண்டும் ஒரே கையால் நிகழ்ந்தன என்பதே சாதியின் கொடுமை.

இங்கே ‘நானும்’ என்னும் சொல்லில் உள்ள உம்மை கருதத்தக்கது. ‘சாதி’ என்று மட்டும் கூறினால் அது எங்கோ இருக்கும் பொருளாகிவிடும். ‘சாதியும் நானும்’ என்று எழுதும்போது எழுதுபவர் தம்மையும் அதனோடு சேர்த்து விசாரணைக்கு உட்படுத்துகிறார். தம் தட்டையும் தம் திண்ணையையும் தம் நாவையும் ஆராய்வதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு உள்ளவர்களின் கதையே எதிர்ப்பக்கத்தாரின் செவியைப் பெறும்.

தெரியுமா?

ஜெர்மனியின் நிழற்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர், உழவர், கொத்தர், சமையற்கலைஞர், வணிகர், வேலையற்றோர் எனப் பல நிலையினரையும் ஒரே மதிப்புடன் படமெடுத்தார். அவற்றுள் 60 படங்கள் 1929இல் ‘காலத்தின் முகம்’ என்னும் நூலாக வெளிவந்தன. மனிதரை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் எனப் பிரித்த நாசி ஆட்சியினர் 1936இல் அந்நூலின் அச்சுத்தகடுகளை அழித்தனர்.

பெயருள்ள முகங்கள்

தர்ஸ்டன் காலத்து நிழற்படம் விட்டுச்சென்ற குறையை இன்றைய நிழற்படம் நிறைவு செய்ய முயல்கிறது. சென்னையில் பிறந்த இதழாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். அதன் பணிகளுள் ஒன்று ‘முகங்கள்’. இந்தியாவின் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் எளிய மக்களின் முகங்களைத் திரட்டுவது அதன் நோக்கம். ஒவ்வொரு படத்துடனும் அவருடைய பெயரும் ஊரும் தொழிலும் இடம்பெறுகின்றன. தர்ஸ்டனின் தொகுதிகளும் இந்தியரின் முகங்களைத் திரட்டின, இதுவும் திரட்டுகிறது. ஆனால், அங்கே முகம் ஒரு குலத்துக்குச் சான்று; இங்கே முகம் ஒரு மனிதருக்கே உரியது.

மதுரையைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் மு. பழனிக்குமார், மீன் விற்று வாழ்ந்த தாயின் மகன். ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையையும் அதில் உயிரிழந்தோரின் குடும்பங்களையும் தொடர்ந்து பதிவு செய்து வருகிறார். தயானிதா சிங் – பாரி ஆவண நிழற்பட விருதை 2022இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. உழைக்கும் மக்களின் குழந்தைகளுக்கு நிழற்படக் கலையையும் அவர் கற்பிக்கிறார். படமெடுக்கப்படுவோரின் பிள்ளைகள் கையிலேயே கருவி சேரும்போது, தம் தெருவைத் தாமே உலகுக்குக் காட்டும் உரிமை அவர்களுக்குக் கிட்டுகிறது.

கதை எப்போது பாலமாகும்?

அமெரிக்க உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட ‘முற்சாய்வின் இயல்பு’ என்னும் நூலில், பகைமை கொண்ட இரு பிரிவினர் சந்திப்பதால் மட்டும் வெறுப்பு நீங்காது என விளக்கினார். சந்திப்பில் இரு தரப்பாரும் சமநிலையில் இருத்தல், பொதுவான குறிக்கோள் உடையராதல், அதற்காக ஒத்துழைத்தல், சட்டமும் அதிகார அமைப்பும் அதற்குத் துணைநிற்றல் ஆகிய நான்கும் அமைய வேண்டும் என்றார். பட்டறை உரிமையாளரும் தொழிலாளியும் நாள்தோறும் சந்திக்கின்றனர். ஆயினும், ஒருவர் நாற்காலியிலும் மற்றவர் தரையிலும் இருக்கும்வரை அது சமநிலைச் சந்திப்பு ஆகாது.

டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு ரோஸ்கில்டே இசைவிழாவில் தொடங்கப்பட்ட ‘மனித நூலகம்’ இக்கருத்துக்கு நல்ல விளக்கமாகும். அங்கே நூல்களாக இருப்போர் மனிதர்களே. சமூகத்தின் ஒதுக்குதலுக்கு ஆளான ஒருவரை வாசகர் சிறிது நேரம் ‘இரவல்’ பெற்று, எதிரெதிரே அமர்ந்து தயக்கமின்றி வினவலாம். விடை கூறுவதும் மறுப்பதும் நூலாக இருப்பவரின் உரிமை. இங்கே கேட்பவரும் சொல்பவரும் ஒரே உயரத்தில் அமர்கின்றனர்.

கதை சொல்லுவதில் தீங்கு நேரவும் வாய்ப்புண்டு. துன்பத்தை மட்டும் காட்டினால் இரக்கம் பிறக்கும், மதிப்புப் பிறக்காது. இரங்குபவர் மேலே நின்றே இரங்குகிறார். வாழ்க்கைக் கதையில் ஒருவரின் திறமையும் நகைச்சுவையும் பிடிவாதமும் கனவும் இடம்பெறும்போதுதான் கேட்பவர் அவரைத் தமக்கு இணையானவராகக் காண்கிறார். அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சிடும் தறித் தொழிலாளியின் விரல்திறன், அவருடைய கடன்சுமையைப் போலவே அவர் கதையின் பகுதியாகும்.

கதை சொல்பவருக்கு ஏற்படும் இழப்பும் கருதத்தக்கது. தம் காயத்தைப் பொதுவில் காட்டுபவர் ஊராரின் சினத்தையும் உறவினரின் விலகலையும் எதிர்கொள்ள நேரலாம். ஆகவே, பிறர் கதையைப் பதிவு செய்வோர் சில நெறிகளைப் போற்ற வேண்டும்:

• சொல்பவரின் இசைவை முன்னதாகப் பெறுதல். வேண்டாம் என்று கூறும் உரிமையை மதித்தல்.
• பெயரை வெளியிடலாமா என்று கேட்டறிதல்.
• அவருடைய சொற்களை அழகுபடுத்தும் பொருட்டு மாற்றாதிருத்தல்.
• எழுதி முடித்ததை அவருக்கே படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை நீக்குதல்.
• கேட்பவரும் தம்மைப் பற்றிச் சொல்ல முன்வருதல்.

இவற்றுள் இறுதியாகக் கூறிய நெறியே அரியது. கேட்பது மட்டும் போதுமெனில் அது விசாரணை. தாமும் சொல்வதே உரையாடல்.

தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், அதன்வழி வந்த 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் நாட்டுக்குக் காவலாக நிற்கின்றன. கொட்டாங்குச்சியை நீக்க ஆணையிடச் சட்டத்தால் இயலும். ஆனால், அண்டை வீட்டாரை உள்ளே அழைத்து, தாம் அருந்தும் குவளையிலேயே காப்பி தரும் மனத்தைச் சட்டத்தால் படைக்க இயலாது. அம்மனத்தைப் பண்படுத்துவதே கதையின் பணி. ‘தறிக்காரர்’ என்று அழைக்கப்பட்டவரின் பெயரைக் கேட்டறிவதும், அவர் தம் கதையைச் சொல்லும்போது அருகில் சமமாக அமர்ந்து கேட்பதும் அப்பணியின் தொடக்கம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் நாள்தோறும் காணும், ஆனால் பெயர் அறியாத உழைப்பாளர் ஒருவருடன் உரையாடுக. அவர் இசைவுடன் அவரைப் பற்றிய சொற்சித்திரம் ஒன்றை எழுதி, அவருக்கே படித்துக் காட்டுக.
2. வகுப்பறையில் ‘மனித நூலகம்’ ஒன்றை அமைத்து, மாணவர் இருவர் இருவராக அமர்ந்து தத்தம் ஊர், குடும்பத் தொழில், பேச்சுவழக்கு ஆகியவற்றைப் பற்றி உரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. ‘கருக்கு’ என்னும் சொல்லின் பொருள் யாது?
2. ‘முகங்கள்’ திட்டத்தின் நோக்கத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. தர்ஸ்டன் தொகுப்பின் படங்களையும் ‘பாரி’ திரட்டும் படங்களையும் ஒப்பிடுக.
2. ‘சாதியும் நானும்’ என்னும் தலைப்பில் உள்ள உம்மை உணர்த்தும் கருத்தை விளக்குக.

நெடுவினா
1. ‘கண்ணீர் மட்டும் கதவைத் திறப்பதில்லை’ – நந்தனார் கதையையும் கோயில் நுழைவு வரலாற்றையும் கொண்டு இக்கூற்றை ஆராய்க.